செல்லோவுக்கும் வயலினுக்கும் நடுவே

அந்த இடத்தில் மணி உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து 'எனக்குக் கேட்கவில்லையே' என்று ஆரம்பித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். இந்த மணிக்காக ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டவள் நான்.

சண்டை நடந்த இடம் வேலூரில் எங்கள் அண்ணன் வைத்திருந்த கேசட் கடை. எண்பதுகளின் தொடக்கம். கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு, 'எப்ப ரெடியாவும்' என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு விதம். அவர்களால் கடை ஓடியது. எதையும் பதியக் கொடுக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'அந்தக் கடைசி ரீலைப் போடு' என்று கேட்கிறவர்கள் இன்னொரு விதம். அவர்களுக்காகத்தான் அண்ணன் கடையைத் திறந்தான் என்று அண்ணி சொல்வாள். நானும் அந்த இரண்டாம் விதத்தில் சேர்த்தி.

எங்களுக்குப் பாட்டு பெரிய விஷயமே இல்லை. பாட்டு ரேடியோவில் வருகிறது, டீக்கடையில் வருகிறது, கல்யாண வீட்டில் குழாய் கட்டி ஊரைக் கூட்டுகிறது. எங்களுக்கு வேண்டியது ரீரெக்கார்டிங். படத்தில் யாரும் பேசாத இடத்தில், ஒருவன் ஜன்னலைத் திறக்கும்போது, ஒருத்தி கடிதத்தை மடித்து வைக்கும்போது பின்னால் வருமே, அந்த இசை. இப்போது பின்னணி இசை என்று அழகாகச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ரீரெக்கார்டிங் என்றுதான் பேர். படம் எப்படி என்று கேட்டால், 'படம் சுமார்தான், ரீரெக்கார்டிங்குக்கு இன்னொரு வாட்டி போலாம்' என்று பதில் சொல்லும் ஜனம் நாங்கள். வீட்டிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

அதில் ஒரே பேஜார் என்னவென்றால், அது எந்த ரிக்கார்டிலும் விலைக்குக் கிடைக்காது. ரேடியோவில் படத்தைச் சுருக்கி ஒலிச்சித்திரமாகப் போடும்போது கொஞ்சம் காதில் விழும். அதிலும் நல்ல இடம் வரும்போது பார்த்து வெட்டிவிடுவார்கள். மற்றபடி தியேட்டருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, வாயாலேயே வாசித்துக் காட்டி வாதாட வேண்டியதுதான். மீசை வைத்த பெரிய மனிதர்கள் வாயால் வயலின் வாசித்து, எதிராளி ஒத்துக்கொள்ளாவிட்டால் முறைத்துக்கொண்டு உட்காருவதை அந்தக் கடையில்தான் நான் பார்த்தேன்.

இந்தக் கஷ்டத்தைப் பாதியாவது தீர்த்து வைத்தவர் குடியாத்தத்துக்காரர். எங்கள் சபையில் ஊர்தான் பேர். அவர் வீட்டில் விசைத்தறி போட்டு லுங்கி நெய்தார்கள். தறி ஓட்டியது அவருடைய தம்பிகள். இவர் நெய்த லுங்கிகளை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி வேலூர் பஜாருக்குக் கொண்டு வருவார். பஜாரில் இருப்பது கம்மி, தியேட்டரில் இருப்பது ஜாஸ்தி. அந்த மூட்டைக்கு நடுவில் ஒரு டேப்ரிக்கார்டரை வைத்துக் கட்டி, மைக் இருக்கும் பக்கம் மட்டும் துணியை லேசாய் விலக்கி, மடியில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பார். தியேட்டர் வாசலில் நிற்கிற ஆள் மூட்டையைச் சந்தேகமாய் அமுக்கிப் பார்த்தால், 'லுங்கிதான்பா, கட்டம் போட்டது ஒண்ணு பாக்கிறியா' என்று அவிழ்க்கப் போவார். அந்த ஆள், 'போ போ' என்று உள்ளே தள்ளிவிடுவான்.

அப்படிப் பதிந்த கேசட்டில் ரீரெக்கார்டிங்கோடு சேர்ந்து தியேட்டரும் வந்துவிடும். இருமல், தும்மல், முறுக்கு விற்கிறவரின் குரல், அழுகிற குழந்தை, அதைவிடச் சத்தமாய் அதை அதட்டும் அம்மா. நாங்கள் இடம் சொல்வதே அவற்றை வைத்துத்தான். 'அந்தத் தும்மலுக்கு அப்புறம் ஃபுளூட்டு வருது பாரு' என்பான் அண்ணன். கேட்டுக் கேட்டு எனக்கு அது எப்படிப் பழகிவிட்டதென்றால், அதே படத்தை வேறு தியேட்டரில் பார்க்கும்போது தும்மல் வராமல் ஃபுளூட் மட்டும் வந்தால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். நான் வாய்விட்டே ஒருமுறை தும்மிவைத்தேன். பக்கத்திலிருந்த அண்ணி முட்டியில் இடித்தாள்.

மூன்றாவது ஆள்தான் இந்தக் கதைக்கு வேண்டியவர், ஆம்பூர் பாய். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோலைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் ஷேவிங் மிஷினுக்கு ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஆம்பூர்க்காரர் என்றதும் பிரியாணி கொண்டு வருவார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் கொண்டு வந்தது பொரிகடலை. அதையும் பெரும்பாலும் அவரே தின்றுவிடுவார்.

ஆனால் பாயின் காது. அப்படிப்பட்ட காதை அதற்குமுன் நான் கண்டதில்லை. இளவயதில் கல்யாணங்களுக்குப் பேண்டு வாசித்த கோஷ்டியில் கிளாரினெட் ஊதியவர். இரண்டு பேருக்கு நடுவில் எந்த வாத்தியம் என்று தகராறு வந்தால் விஷயம் பாயிடம் போகும். கடையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு மடக்கு நாற்காலி உண்டு. அதில் வந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்பார். 'வயலின் இல்ல, வயோலா' என்பார். எழுந்துவிடுவார். அதற்குமேல் பேச்சு கிடையாது. அவர் தீர்ப்புச் சொன்ன பிறகு மறுபடி கேட்டால் எங்களுக்கும் வயோலாவாகத்தான் கேட்கும். பாய் வராத ஞாயிறுகளில் சபை வெறும் கூச்சலாகிவிடும், யாரும் யாருக்கும் அடங்குவதில்லை.

அவரிடம் குறை என்றால் இரண்டு. பேசினால் கடைவீதிக்கே கேட்கும். அடுத்தது, நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டி, கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகிவிடுவார். காதுக்குள் கம்பி விட்ட மாதிரி கூசும். 'பாய், பல்லு கூசுது' என்று அண்ணன் குறைப்பான். பாய் கூட்டுவார். இதையெல்லாம் நாங்கள் அவருடைய சுபாவம் என்று வைத்துக்கொண்டோம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு குடும்பப் படம் வந்தது. கதையைச் சொல்லி உங்களை அழவைக்கப் போவதில்லை. கடைசி ரீலில் புருஷன் வீட்டை விட்டுப் போகிறான். அவள் வாசல்வரை வருகிறாள், ஒன்றும் பேசவில்லை. ஒரு செல்லோ, வயலினுக்குப் பெரிய அண்ணன் மாதிரி வாத்தியம், கீழே, ரொம்பக் கீழே, ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய் நின்றுவிடுகிறது. அவன் தெருமுனையில் திரும்புகிறான். அப்போது ஒரே ஒரு மணி. ஊசி முனை அளவுக்கு ஒரு சின்னச் சத்தம். அதன் பிறகுதான் வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழுகின்றன. எனக்கு அந்த மணிதான் படமே. குடியாத்தத்துக்காரர் அந்த ஒரு இடத்துக்காக மூட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி போய்ப் பதிந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேசட்டைப் போட்டோம். பாய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு சொன்னார்: "செல்லோ நின்ன பிறகு ஒண்ணுமே போடாம விட்டான் பாரு. அங்க கைய வெக்காம இருக்கிறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும் தெரியுமா. அந்த நிசப்தம்தான் ரீரெக்கார்டிங்கு."

"நிசப்தமா? அங்க மணி இருக்குது பாய்" என்றேன்.

"இன்னா மணி?"

"சின்ன மணி. செல்லோவுக்கும் வயலினுக்கும் நடுவுல."

அண்ணன் மறுபடி போட்டான். பாய் மறுபடி கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றார்.

இங்கே ஆரம்பித்தது. குடியாத்தத்துக்காரர் மணி கட்சி. அண்ணன் மணி கட்சி. டீ கொண்டு வந்த அண்ணி, ரீரெக்கார்டிங் என்றாலே தலையில் அடித்துக்கொள்கிறவள், அவள்கூட 'ஏதோ டிங்குன்னு கேக்குதே' என்றுவிட்டாள். பாய் மட்டும் தனிக்கட்சி. தலைகீழாய் நின்றாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். வாரா வாரம் இதே பேச்சு. ட்ரெபிளைக் கூட்டுவார், கேட்பார், 'இல்ல' என்பார். அந்த நிசப்தத்தைப் பற்றி அவர் பேசப் பேச, அது வளர்ந்துகொண்டே போனது. அவள் மூச்சை நிறுத்துகிற இடம் அது என்பார். வீட்டுக்குள் இருட்டு புகுகிற இடம் என்பார். இவ்வளவு அழகாகப் பேசுகிற மனிதர் இவ்வளவு அடம் பிடிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, தியேட்டருக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். படம் முழுக்க யாரும் படத்தைப் பார்க்கவில்லை, கடைசி ரீலுக்காகக் காத்திருந்தோம். செல்லோ வந்தது, நின்றது. மணி அடித்த அதே நொடியில் குடியாத்தத்துக்காரர் பாயின் தொடையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"இன்னா தோஸ்து, கொசுவா?" என்றார் பாய்.

முன் வரிசை சிரித்தது. அவளுடைய புருஷன் போய்விட்டான், படம் பார்க்கிற பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார்கள், எங்கள் வரிசையில் மட்டும் கொசு வேட்டை. வெளியே வந்ததும் பாய், "என்ன சொன்னேன், ஒண்ணும் இல்லையே" என்று வெற்றியோடு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க காதுதான் பாய் சரியில்ல" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அதுவரை எவனும் அவர் காதைக் குறை சொன்னதில்லை. உடனே திருப்பிக் கொடுத்தார். "என் காதாம்மா சரியில்ல? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பீப்பு பீப்புன்னு கேட்டுக்கினு இருக்கிறது நீ. அந்தப் பீப்பு உன் காதுல ஒட்டிக்கினு இருக்குது. அதத்தான் மணி மணின்னு சொல்லிக்கினு திரியிற."

என் வேலையைச் சொல்கிறார். நான் ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறையில் வேலை பார்த்தேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு சத்தமாய் அனுப்ப வேண்டும். கீழ்ச் சத்தம், நடுச் சத்தம், கீச்சென்ற மேல் சத்தம். கேட்டால் அவர்கள் விரலைத் தூக்குவார்கள். எவ்வளவு சிறிய சத்தத்துக்கு விரல் எழுகிறது என்று பார்த்துத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். அதுதான் வேலை.

"அப்படின்னா வாங்க பாய். என் மிஷின்ல வந்து உட்காருங்க. யாரு காது எப்படின்னு அது சொல்லும்" என்றேன்.

"வர்றேன். சர்டிபிகேட்டு எழுதித் தரணும். அத ஃபிரேம் போட்டு இந்தக் கடையில மாட்டுவேன்."

"காது சரியில்லன்னு வந்தா?"

பாய் சட்டைப் பையிலிருந்த பொரிகடலையை எடுத்தவர், திரும்ப உள்ளே போட்டார். "என் காது தப்புன்னா இனிமே தீர்ப்பு சொல்லமாட்டேன். இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன். போதுமா?"

அண்ணன் என்னை முறைத்தான். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி பிடித்தான். "வாய வெச்சுக்கினு சும்மா இருக்கமாட்டியா? ஒரு மணிக்காக அந்த மனுஷன் வராம போய்ட்டார்னா கடைய யாருக்குடி திறக்கிறது?" எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் பாயின் காதில் குறை இருக்கும் என்று எனக்கு ஒரு துளி நினைப்பில்லை. வயோலாவைப் பிரித்துச் சொல்கிற காது அது. சோதனை நன்றாக வரும், அவர் அடம்தான் காரணம் என்று ஊருக்குத் தெரியும், அதன் பிறகு மணியை ஒத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பாய் லீவு போட்டு வந்தார். புதுச் சட்டை, அத்தர் மணம். வரிசையில் நின்று முறைப்படி சீட்டு வாங்கி, தன் முறைக்குக் காத்திருந்து உள்ளே வந்தார். பின்னாலேயே லுங்கி மூட்டையோடு குடியாத்தத்துக்காரர். "நீங்க எதுக்கு அண்ணே?" என்றேன். "சாட்சி" என்றார்.

பாயை அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன். "எவ்ளோ சின்னதா கேட்டாலும் விரலத் தூக்குங்க பாய்" என்றேன். "நீ எவ்ளோ சின்னதா போட்டாலும் தூக்குவேன்" என்றார். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அன்று கீழ்ச் சத்தத்திலிருந்து ஆரம்பித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, என்ன காது. அனுப்புகிறோமா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தேன். விரல் எழுந்தது. இன்னும் குறைத்தேன், எழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வாரம் சண்டை போட்ட ஆளை நினைத்துப் பெருமைப்படுகிறோமே என்று எரிச்சலாகவும் இருந்தது. குடியாத்தத்துக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "பார்த்தியா, பார்த்தியா" என்றார். நடுச் சத்தங்களிலும் விரல் எழுந்தது, கொஞ்சம் தயங்கித் தயங்கி.

பிறகு மேலே போனேன். கீச்சென்ற சத்தம். விரல் எழவில்லை.

கூட்டினேன். எழவில்லை. இன்னும் கூட்டினேன். "தங்கச்சி, சத்தம் போகுதா?" என்றார் குடியாத்தத்துக்காரர். மேசைமேல் நான் சரிபார்க்க வைத்திருக்கும் இன்னொரு ஹெட்ஃபோன் இருந்தது. அதை அவர் காதில் வைத்தேன். துள்ளிப் பிடுங்கிப் போட்டார். காதைத் தேய்த்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். விரலைத் தயாராக வைத்திருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. நல்ல இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போது வருகிற சிரிப்பு, கடையின் மடக்கு நாற்காலியில் எத்தனையோ தடவை பார்த்தது. தூக்குங்க பாய், தூக்கிடுங்க என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். மணி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், நானே தோற்றுப்போகிறேன், விரல் மட்டும் எழுந்தால் போதும் என்று இருந்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து வாயசைத்தார்.

கதவைத் திறந்தேன். "இன்னாம்மா, மிஷின் நின்னு போச்சா?" என்றார்.

"ஆமா பாய், கரண்டு போய்ட்டுது" என்றார் குடியாத்தத்துக்காரர். தலைக்குமேல் விளக்கு பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. மூவரும் அதை அண்ணாந்து பார்த்தோம்.

"கரண்டு போகல பாய்" என்றேன். "சத்தம் போட்டுக்கினேதான் இருந்தேன்."

இன்னொரு காதும் அப்படியே இருந்தது. தாளை அவர் முன்னால் வைத்தேன். தோல் ஷாப்புகளிலிருந்தும் தறிக்கொட்டகைகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு நான் வாரா வாரம் இழுக்கும் அதே கோடு. நேராகப் போய், மேல் சத்தம் வருமிடத்தில் சட்டென்று இறங்கும். காது கிழிய அலறும் ஷேவிங் மிஷினுக்குப் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றவரின் கோடு வேறெப்படி இருக்கும். பாய் ட்ரெபிளைக் கூட்டியபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே தவிர, மேல் சத்தம் கேட்காமல்தான் கூட்டுகிறார் என்று காதை வைத்துச் சம்பளம் வாங்குகிற எனக்கே உறைக்கவில்லை.

பாய் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "இந்தப் பள்ளம் இன்னா?"

"அங்கதான் பாய் மணி இருக்குது."

அவர் அந்த இடத்தை விட்டு விரலை எடுக்கவில்லை. பிறகு, முதன்முறையாக மெதுவான குரலில், "அப்போ இத்தினி நாளா நான் சொன்ன தீர்ப்பெல்லாம்?" என்றார்.

"செல்லோ, வயோலா எல்லாம் நீங்க சொன்னதுதான் சரி பாய். கீழ உங்களுக்குக் கேக்கிற மாதிரி எனக்குக் கேக்காது." உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்து, பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, டாக்டரைப் பார்க்கப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குடியாத்தத்துக்காரர் மூட்டையைத் தூக்கியவர், வாசலில் நின்று, "தங்கச்சி, எனக்கும் எப்பவாச்சும் பார்த்துக்கணுமா?" என்றார்.

"நீங்க தறிப்பக்கமே போறதில்லையே அண்ணே."

"அத எங்கப்பா காதுல போட்டுடாத" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அடுத்த ஞாயிறு பாய் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மடக்கு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அண்ணன் ஏதோ கேசட்டைப் போட்டான், யாரும் இடம் சொல்லிக் கேட்கவில்லை. குடியாத்தத்துக்காரர் ஆம்பூருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாய் மிஷினை விட்டுவிட்டு, தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் இடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறாராம். டாக்டர் சொன்னபடி செய்துவிட்டார், அதில் பிடிவாதம் இல்லை. ஆனால் கடைக்கு வாங்க என்றால், "வார்த்தை குடுத்துட்டேன் தோஸ்து" என்று மட்டும் சொன்னாராம்.

அண்ணன் கையைப் பிசைந்தான். அண்ணிதான், அதுவரை எங்கள் விவகாரத்தில் டீயைத் தவிர வேறெதிலும் தலையிடாதவள், சொன்னாள். "அவர வாங்க வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டாரு. வராம இருக்க முடியாத மாதிரி எதயாவது பண்ணுங்க."

பண்ணினோம். ஒரு பழைய படத்திலிருந்து செல்லோ தனியாக, நெடுநேரம் வாசிக்கிற ஒரு இடத்தைக் கேசட்டில் பதிந்தோம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அது செல்லோ என்று சொல்லிவிடும். அதைக் குடியாத்தத்துக்காரரிடம் கொடுத்து ஆம்பூருக்கு அனுப்பினோம், ஒரு சேதியோடு. 'இது இன்னான்னு எங்களுக்குள்ள தகராறு வந்துச்சு பாய். கடைசில எல்லாரும் சேர்ந்து வீணைன்னு முடிவு பண்ணிட்டோம். உங்களுக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.' இவ்வளவுதான் சேதி. வேறெதையும் சொல்லக்கூடாது, வாங்க என்று கூப்பிடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்து கடையில் உட்கார்ந்த சற்று நேரத்தில், கடைவீதியின் அந்தக் கோடியிலிருந்தே பாயின் குரல் கேட்டது.

"வீணையா? வீணையா அது? எவன் சொன்னது வீணைன்னு?" கடை வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. "நாலு வாரம் நான் இல்லன்னா இப்படியா கெட்டுப் போவீங்க? வில்ல வெச்சுத் தேய்க்கிற சத்தம் அப்படியே கேக்குது, வீணையாம். பெரிய ஆஸ்பத்திரியில காது பார்க்கிற பொண்ணு, நீயுமா?"

"எனக்கு வீணை மாதிரிதான் இருந்துச்சு பாய்" என்றேன். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது.

பாய் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். குடியாத்தத்துக்காரர் மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பாய்க்குப் புரிந்துவிட்டது. "யாருக்குக் காது குத்துறீங்க" என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கை ட்ரெபிள் குமிழுக்குப் போயிற்று. தொட்டது, திருகாமல் திரும்பி வந்து மடியில் விழுந்தது.

"அந்தக் கடைசி ரீலைப் போடு" என்றார்.

அண்ணன் போட்டான். செல்லோ கீழே இறங்கி இழுத்துக்கொண்டே போனது. நின்றது. மணி அடித்த நொடியில் குடியாத்தத்துக்காரர் கையை நீட்டி, பாயின் முட்டியில் ஒரு விரலால் மெல்லத் தட்டினார். இந்தத் தடவை பாய் கொசுவா என்று கேட்கவில்லை. வயலின்கள் எழுந்தன.

"இங்கயா?"

"இங்கதான் பாய்."

"மறுபடி போடு."

மறுபடி போட்டான். மறுபடி தட்டல். பாய் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முட்டியால் கேட்பது போல உட்கார்ந்திருந்தார். அண்ணி டீ டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பல தடவை போட்ட பிறகு பாய் கண்ணைத் திறந்து எழுந்தார். தீர்ப்புச் சொல்லும்போது எழுந்துவிடுவது அவர் வழக்கம் என்று முன்பே சொன்னேன்.

"மணி இருக்குது. ஒத்துக்கிறேன்" என்றார். "ஆனா அது தப்பு. அங்க வெச்சிருக்கக் கூடாது."

எனக்கு வந்ததே கோபம். "அதக் கேக்காமலே தப்புன்னு எப்படி பாய் சொல்றீங்க?"

"கேக்காம இத்தினி நாளு நல்லாத்தானம்மா இருந்துச்சு."

அந்தத் தீர்ப்பை எதிர்த்து அண்ணி கடைக்கதவை இழுத்து மூடும்வரை நாங்கள் சண்டை போட்டோம்.